எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு மறதி நோய் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்?

பள்ளிக்கூடமே போகாத உங்கள் பாட்டிக்கு மறதிச் சோதனையில் 30-க்கு 16 வந்திருக்கிறது, அதை வைத்து டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று முடிவு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்காக, படிக்காதவர் என்பதால்தான் குறைந்தது என்று விட்டுவிடவும் கூடாது.

30 மதிப்பெண், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள் என்கிறீர்கள். அப்படியானால் அது பெரும்பாலும் எம்எம்எஸ்இ, 1975-ல் அமெரிக்காவில் வெளிவந்த சோதனை. அதில் தாளில் உள்ளதைப் படித்துக் கண்களை மூட 1 மதிப்பெண், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத 1, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போக 5. இந்த எட்டும் போய்விட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவருக்கே 22தான் வரும். வழக்கமாக 24-க்குக் கீழே போனாலே சந்தேகப்படுவார்கள். அதாவது நல்ல நினைவோடு இருக்கும் பாட்டியும் இதில் தோற்றுப்போவார். ஆடி அமாவாசை என்றைக்கு என்று சொல்லத் தெரிந்தவரிடம் இங்கிலீஷ் தேதியும் வருஷமும் கேட்டால் இன்னும் குறையும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கரில் படிக்காத கிராமத்து முதியவர்களுக்காக எம்எம்எஸ்இ-யை மாற்றி அமைத்து 1995-ல் வெளியிட்டார்கள். படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதில், சோதிப்பவர் கண்ணை மூடிக் காட்டுவார், இவர் அதைப் பார்த்துச் செய்தால் போதும். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னால் போதும். ஆஸ்திரேலியாவில் 2004-ல் வந்த ருடாஸ் சோதனையில் டீத்தூள், சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று கடைக்குப் போக நாலு சாமான் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்கள். ஆனால் அதிலும் ஒரு கனசதுரம் வரையச் சொல்வார்கள். பென்சிலே பிடிக்காத கைக்கு அதுவும் கஷ்டம்தான்.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது சென்னையிலும் வேலூரிலும் செய்து பார்த்த, 10/66 என்ற டிமென்ஷியா ஆராய்ச்சிக் குழுவின் முறை. குழு தொடங்கிய காலத்தில் டிமென்ஷியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 சதவீதம், வளரும் நாடுகளில் இருந்தார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால் அந்தப் பெயர். முதியவரைச் சோதிப்பதோடு நிற்காமல், கூட இருப்பவரிடமும் தனியாக விசாரிப்பார்கள்.

என் அத்தை விஷயத்தில் உண்மையைச் சொன்னது அந்த விசாரணைதான். பூ கட்டி விற்று நாலு பிள்ளைகளை வளர்த்தவர், கைநாட்டு. முதலில் போன இடத்தில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். வெளியே வந்ததும், "என்னைப் பரீட்சைக்கா கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டு அழுதுவிட்டார். அந்த வயதில் அவரை அப்படிக் கூனிக் குறுக வைத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அடுத்துப் பார்த்த டாக்டர் எங்களிடம் கேட்டது வேறு: முன்பு தானாகச் செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்ய முடியவில்லை? அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னோம். வாடிக்கை வீடுகளின் மாதக் கணக்கை மனதிலேயே வைத்திருந்தவர், வாங்கிய பணத்தையே மறுபடி கேட்கிறார். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறார். பழகிய தெருவில் திரும்பத் தெரியாமல் நிற்கிறார். அது நோய்தான் என்று பிறகு உறுதியானது.

அதனால் அடுத்த முறை, பாட்டியோடு தினமும் இருப்பவர் யாரோ அவரே கூடப் போகட்டும். சில வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தார், இப்போது எது மாறியிருக்கிறது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போனதில்லை என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காது மந்தம், கண்புரை இருந்தால் கேள்வியே சரியாகப் போய்ச் சேராது, அதையும் பார்த்துவிடுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவையும் மறதியைக் கொண்டுவரும், மருந்தில் தேறக்கூடியவை. அப்புறம், 30-ல் குறைந்த அந்த 14 மதிப்பெண் எந்தெந்தக் கேள்வியில் போனது என்று தாளை வாங்கிப் பாருங்கள். எழுத்திலும் கணக்கிலும் போனதைவிட, சோதனையில் சொன்ன மூன்று பொருளைக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்ல முடியாமல் போனதுதான் கவனிக்க வேண்டியது.