ஷிங்கிள் கூரைக் கசிவு: கறைக்கு நேர்மேலே தேடாதீர்கள்

வணக்கம். டொராண்டோ வீட்டில் மழை பெய்தால் மட்டும் குளியலறை உட்கூரையில் பழுப்புக் கறை பரவுகிறது, நேர்மேலே இருந்த ஷிங்கிளில் (கூரையில் ஓடுபோல் அடுக்கி ஆணியடிக்கும் தார் அட்டை) தார் பூசியும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

தண்ணீர் நேராக இறங்காது. பலகை, மரச்சட்டம் வழியாக ஓடி, தள்ளிப் போய்த்தான் சொட்டும். மழை நேரத்தில் டார்ச்சோடு அட்டிக்கில் (உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் நடுவே உள்ள இடம்) ஏறி, ஈரத் தடத்தைப் பிடித்துச் சரிவின் மேல்பக்கமாகப் பாருங்கள். சட்டங்களின் மேல் மட்டும் கால் வையுங்கள். குளியலறை என்பதால் என் சந்தேகம் கூரையைத் துளைத்து வெளியே வரும், கழிவுநீர்க் குழாய்க்கான காற்றுக்குழாய் மேல்தான். அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பல வீடுகளில் ஷிங்கிளுக்கு முன்பே வெடித்துவிடும்.

வெடித்திருந்தால் சிலிகான் பூசி ஒப்பேற்றாதீர்கள், திரும்ப ஒழுகும். குழாய் அளவுக்குப் ரப்பர் வளையம் பொருத்திய புதிய தகடு வாங்குங்கள். குழாயைச் சுற்றியும் மேலேயும் உள்ள ஷிங்கிள்களின் ஒட்டுப் பசையைத் தட்டைக் கம்பியால் மெல்ல விடுவித்து, ஆணிகளைப் பிடுங்கி, பழைய தகட்டை எடுங்கள். புதிய தகட்டின் மேல்விளிம்பு ஷிங்கிளுக்கு அடியில், கீழ்விளிம்பு ஷிங்கிளுக்கு மேலே. இதுதான் முக்கியம்; மாறினால் தண்ணீர் நேரே உள்ளே போய்விடும். வெளியே தெரியும் ஆணித்தலைகளிலும், தூக்கிய ஷிங்கிள்களுக்கு அடியிலும் கொஞ்சம் கூரைத் தார் வையுங்கள்.

கடும் குளிரில் தூக்கினால் ஷிங்கிள் உடையும், கொளுத்தும் வெயிலில் கிழியும். மிதமான காலைப்பொழுதில் செய்யுங்கள். அப்புறம், ஈரக் கூரையில் ஏறவே வேண்டாம். சரிவு அதிகமென்றால் ஆளைக் கூப்பிடுங்கள், அந்தச் செலவு தகும். அட்டிக்கில் நனைந்த இன்சுலேஷனையும் (குளிர், வெப்பம் தடுக்கும் பஞ்சு) மாற்றிவிடுங்கள், விட்டால் பூஞ்சை பிடிக்கும்.