வீச்சுவலைக்கு ஈயம் வார்த்தல்

அன்பின் ஐயாவுக்கு,

அப்பாவின் எட்டடி வீச்சுவலையைப் புதுப்பிக்கிறேன். கண்ணெல்லாம் சரி. ஈயக்குண்டுதான் பாதி போய்விட்டது. கடையில் வாங்கினதில் ஒன்றைப்போல ஒன்று இல்லை. நானே வார்த்துப் பார்த்தேன். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் அச்சுச் செய்து ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்துத்தான் ஊற்றினேன். படபடவென்று வெடித்து ஈயம் தெறித்தது. தப்பி வந்த குண்டுகளிலும் சுருக்கமும் ஓட்டையும். கட்டிப் பார்த்தால் வலை வட்டமாக விரியவில்லை, ஒரு பக்கம் மடங்கி விழுகிறது. பழைய வாகனப் பற்றரி ஒன்று கிடக்கிறது, அதன் ஈயத்தைப் பாவிக்கலாமா?

ஒரு வாசகர்,
நாவலடி

அன்பின் தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பற்றரியை உடைக்கவே வேண்டாம். தகட்டில் இருப்பதில் பெரும்பகுதி உலோகமாக இல்லை, அமிலம் ஊறிய ஈய சல்பேற்றும் ஒட்சைட்டுமாக இருக்கிறது. அடுப்பில் வைத்தால் கொஞ்ச ஈயமும் நிறையப் புகையும் தூளும்தான் மிஞ்சும். சில வகைத் தகட்டின் கசடில் ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற நச்சு வாயுக்கள் கிளம்பும். வயிற்றுக்குள் போன ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். முற்றத்து மண்ணில் படிந்த தூளே அதற்குப் போதும். நம் கரையோர மணலில் கிணறுகளும் ஆழமில்லை என்பதை மறக்கவேண்டாம்.

பழைய வலைக்குண்டு, ஈயத்தகடு, டயர் கடையில் கழற்றிப்போட்ட பெலன்ஸ் ஈயம் (சில்லைச் சமப்படுத்தப் பொருத்தும் துண்டு), இவை போதும். பெலன்ஸ் ஈயத்தில் இப்போது நாகமும் (துத்தநாகம்) கலந்து வருகிறது. நகத்தால் கீறினால் கோடு விழுவது ஈயம், வழுக்குவது நாகம் அல்லது இரும்பு. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், நாகத்துக்கு 420 வேண்டும். சட்டியை 350, 360 அளவில் வைத்திருந்தால் தவறி விழுந்த நாகமும் இரும்புக் கிளிப்பும் உருகாமல் மேலே மிதக்கும், அள்ளிப்போடலாம். சூட்டைக் கூட்டிவிட்டால் நாகம் கரைந்துவிடும். பிறகு உருகிய ஈயம் கஞ்சிபோலத் தடிக்கும், அச்சின் மூலைக்குப் போகாது. சூடு பார்க்க, உள்ளே அமிழ்த்தும் கம்பி வெப்பமானியைப் பாவியுங்கள். தூரத்தில் நின்று பிடிக்கும் வகை, பளபளக்கும் ஈயத்தில் சூட்டைக் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

உங்கள் அச்சு வெடித்ததற்குக் காரணம் வெயில் போதாமை இல்லை. பிளாஸ்டர் இறுகும்போது தண்ணீரைத் தனக்குள்ளேயே பிணைத்துக்கொள்கிறது. எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர்தான். வெயில் அதைத் தொடாது, 327 பாகை ஈயம் தொடும். நீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் பெருக்கும். அதுதான் ஈயத்தைத் தூக்கி எறிந்தது. பழைய வலைக்குண்டிலும் இதே ஆபத்து உண்டு, துளைக்குள் களப்புத் தண்ணீரும் உப்பும் நிற்கும். அவற்றைக் குளிர்ந்த சட்டியில் போட்டுத்தான் அடுப்பை மூட்டவேண்டும். உருகிய ஈயத்துக்குள் ஒன்றைக்கூடப் பிறகு போடக்கூடாது.

எட்டடி என்பது நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள நீளம், அப்படியான வலைக்குச் சுற்றோரம் சுமார் 50 அடி. நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக 150 குண்டு. அந்த எட்டடியில் அடிக்கு ஒரு இறாத்தல் என்ற கணக்கில் 8 இறாத்தல், அதாவது 3.6 கிலோ. ஆகவே ஒரு குண்டு 24 கிராம். அசைவில்லாத களப்புக்கு இது தாராளம். முகத்துவாரத்து இழுவைக்கு 36 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் போனால் சேற்றில் புதையும், கையும் ஓயும். 24 கிராமுக்கு அளவு: வெளிவிட்டம் 11 மில்லிமீற்றர், நீளம் 28, நடுத்துளை 5.

அச்சை அலுமினியத்தில் செய்யுங்கள். இரண்டு கட்டியைச் சேர்த்து இறுக்கி, பொருத்துக்கோட்டின் மேலேயே 11 மில்லிமீற்றர் துளை போட லேத்காரரிடம் சொல்லுங்கள். வாயில் சின்னப் புனல் வெட்டட்டும். நடுத்துளைக்கு 5 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி, ஒரு முனை மயிரளவு மெலிந்திருக்க அரம் போடவேண்டும். ஈயம் ஆறும்போது சுருங்கிக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். ஆகவே கம்பிக்கு மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரி பிடித்து, குண்டு சூடாக இருக்கும்போதே முறுக்கி உருவுங்கள்.

இனி அச்சின் சூடு. சுருக்கம் விழுந்தால் பலரும் ஈயத்தைத்தான் இன்னும் காய்ச்சுகிறார்கள். குளிர்ந்திருப்பது அச்சு. அடுப்போரத்தில் அதை வைத்துச் சூடேற்றுங்கள். முதல் ஐந்தாறு குண்டு எப்படியும் சுருங்கியே வரும், அவற்றைத் தனியே வைத்து அடுத்த முறைச் சட்டிக்கு விடுங்கள். மேல் வழவழப்பாகும்போது சூடு சரி. சாம்பல் பூத்ததுபோல வெளிறினால் கூடிவிட்டது, கொஞ்சம் ஆறவிடுங்கள். வலைக்குண்டுக்கு அந்த வெளிறல் குற்றமில்லை. உள் ஓட்டைக்குக் காரணம் வேறு. ஈயம் இறுகும்போது கன அளவில் 3 சதவீதத்துக்கு மேல் சுருங்கும், அந்தக் குறைவை நிரப்பப் புனலில் உருகிய ஈயம் நிற்கவேண்டும். ஒரே ஊற்றாக, புனல் ததும்ப ஊற்றிவிட்டு அதன் பளபளப்பு மங்கும்வரை அசைக்காமல் வையுங்கள். விட்டுவிட்டு ஊற்றினால் குண்டுக்குள் பொருத்துவரி விழும்.

சட்டியில் ஈயத்தின் மேலே படியும் சாம்பல் தோலை உடனே அள்ளவேண்டாம். கடலையளவு மெழுகுதிரி போட்டு இரும்பு அகப்பையால் கிளறினால் நல்ல ஈயம் பிரிந்து இறங்கும், உலர்ந்த கசடு மேலே நிற்கும். மெழுகுப் புகை பற்றிக்கொள்ளும், முகத்தைத் தள்ளிவையுங்கள். கசடுத் தூள்தான் மிகக் கெட்டது. மூடியுள்ள தகரத்தில் போடுங்கள், மண்ணில் கொட்டவேண்டாம். வேலை திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று. சட்டியும் அகப்பையும் இதற்கென்றே இருக்கட்டும், சமையலுக்குத் திரும்பக்கூடாது. கண்ணாடி, தோல் கையுறை, மூடிய சப்பாத்து கட்டாயம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சட்டையைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் தோய்க்கவேண்டும். பிசிறை வெட்டக் கத்தி போதும், அரமும் மண்தாளும் தூளைக் கிளப்பும். துளையின் இரு வாயையும் பெரிய துறப்பண முனையைக் கையால் சுழற்றி மழுக்குங்கள், இல்லாவிட்டால் அந்த விளிம்பே கயிற்றை அறுத்துவிடும்.

இப்போது உங்கள் வலை மடங்கும் கதை. சுழற்றி வீசும்போது வலையை வெளியே இழுத்து விரிப்பது குண்டுகளின் பாரம். பத்துப் பன்னிரண்டு இலேசான குண்டு ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் பின்தங்கும், வலை பிறைபோல விழும். விழுந்த பிறகும் அந்தப் பக்கமே பிந்தித் தாழும், மீன் அதனடியால் போகும். ஆகவே ஒவ்வொரு குண்டையும் தராசில் வையுங்கள். 23 முதல் 25 கிராம் வரை எடுக்கலாம். 22க்குக் கீழ் வந்தால் உள்ளே ஓட்டை இருக்கிறது, திரும்ப உருக்குங்கள். தேறிய 150ஐயும் 37, 38 ஆக நான்கு கும்பலாக்கி, கும்பல் ஒன்றை 900 கிராமுக்குக் கிட்டக் கொண்டுவந்து, ஓரத்தின் ஒவ்வொரு காற்பகுதிக்கும் ஒரு கும்பலைக் கொடுங்கள். கும்பலுக்குள் 23க்குப் பக்கத்தில் 25 வரட்டும்.

கோர்க்குமுன் புது நைலோன் கயிற்றை நனைத்து இரண்டு மரத்துக்கிடையில் இழுத்துக் கட்டி ஒரு நாள் விடுங்கள். நான்கு அங்குலக் குறியை அதன் பிறகு போடுங்கள், முன்னரே போட்டால் முதல் வீச்சிலேயே கயிறு நீண்டு குறி விலகிவிடும்.