மட்டையும் சிறு பந்துமாக ஆடும் அயர்லாந்து ஆட்டம் ஹர்லிங். அதன் பள்ளிப் பருவம் எப்படி நடக்கிறது? கோடையில் அசத்தும் பையன்கள் அதில் ஏன் திணறுகிறார்கள்?

காரணம் சேறு. கவுண்டி (மாவட்ட) அணிகளின் பெரிய ஆட்டங்கள் காய்ந்த புல்லில், கோடையில் நடக்கும். பள்ளிகளுக்கோ அக்டோபர் வாக்கில் தொடங்கி, மார்ச் நடுவில் புனித பேட்ரிக் நாளை ஒட்டி முடிகிறது. முழுக்க மழைக்காலம்.

முதலில் மாகாண அளவு. மன்ஸ்டரில் 1918 முதல் ஹார்ட்டி கோப்பை: குழுச் சுற்று, நாக் அவுட், பிப்ரவரியில் இறுதி. லெய்ன்ஸ்டருக்குத் தனிப் போட்டி. முன்னணி அணிகள் பிறகு அகில அயர்லாந்து க்ரோக் கோப்பைக்கு மோதும். அதை அதிகம் வென்றது கில்கென்னியின் செயின்ட் கீரன்ஸ் கல்லூரி. பெயரில்தான் கல்லூரி, நடப்பது பள்ளி.

சேற்றுக்கு வருவோம். ஸ்லிட்டர் எனும் பந்து 110 முதல் 120 கிராம், மேலே தோல். காய்ந்த தரையில் துள்ளிக் கைக்கு வரும்; ஈரத்தில் விழுந்த இடத்திலேயே கிடக்கும். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுத்தால் ஃபவுல். நாலு பேர் முண்டும்போது அவசரத்தில் கை பந்துக்குப் போய்விடும், எதிரணிக்கு ஃப்ரீ, அதாவது தடையில்லாத அடி. நல்ல ஃப்ரீ அடிப்பவன் இருந்தால் அது கிட்டத்தட்ட ஒரு பாயிண்ட். நெருக்கமான ஆட்டங்கள் பல இப்படித்தான் கைநழுவுகின்றன.

மட்டையால் பந்தைக் கெண்டி எடுக்கும்போது முழங்கால் நன்றாக மடங்கணும், பந்து பாதத்துக்குப் பக்கத்தில் இருக்கணும், மட்டை ஏறக்குறைய தரையோடு படுத்திருக்கணும், கட்டைவிரல்கள் மட்டையின் அகன்ற முனையைப் பார்க்கணும். நிமிர்ந்து நின்று குத்தினால் முனை சேற்றில் செருகி நின்றுவிடும். பின்னால் வருபவன் பந்தோடு போய்விடுவான். எடுக்க நேரமில்லை என்றால் தரையோடு விளாசிவிடுவதே மேல். பயிற்சி முழுக்க செயற்கைப் புல்லில் செய்த அணிக்கு இந்தப் பழக்கம் வராது.

மட்டை ஆஷ் மரம், அடிமரத்து வளைவில் அறுப்பது. மரத்தின் ரேகை அந்த வளைவோடே ஓடணும். குறுக்கே வெட்டுப்பட்டிருந்தால் முதல் மோதலில் முறியும். அகன்ற முனையைச் சுற்றித் தகரப் பட்டை அடிப்பது பிளவு பரவாமல் இருக்க. பக்கத்தில் நிறுத்தினால் இடுப்பெலும்பு உயரம் போதும். பதின்வயதில் நீள மட்டைதான் கெத்து என்று நினைப்பார்கள், நெருக்கடியில் சுழற்ற முடியாது. ஆளுக்கு இரண்டு மட்டையாவது கோட்டோரம் தயாராக வேண்டும். உடைந்ததும் ஓடிக் கொடுக்கத் தனி ஆளே உண்டு; 'மட்டைக்காரர்' என்று சொல்லலாம். கைப்பிடி டேப்பை ஆட்டத்துக்கு முன் புதிதாகச் சுற்றுங்கள், நனைந்த பழைய டேப் வழுக்கும்.

ஸ்கோர் பார்க்கும்போது ஒன்று: கோலுக்கு 3 பாயிண்ட். 2-11 என்றால் 2 கோல், 11 பாயிண்ட், மொத்தம் 17. 0-16 அடித்த அணி தோற்றுவிட்டது.