கேள்வி – பதில்: காரில் அமர்ந்தபடியே படம்

கேள்வி: காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கில் முன்னால் நிற்கும் கார் திரையை மறைக்காதா? வசனம் எப்படிக் காதில் விழும்?

பதில்: மறைக்கக் கூடாது என்பதற்காகவே ஒருவர் மிகவும் மெனக்கெட்டிருக்கிறார். அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், தம் வீட்டு முற்றத்தில் காரின் பானெட் மீது புரொஜெக்டரை வைத்து, மரங்களில் கட்டிய திரையில் படம் ஓட்டிப் பார்த்தார். பிறகு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளைச் செருகி, எவ்வளவு உயர்த்தினால் பின்னால் இருப்பவருக்குத் திரை முழுவதும் தெரிகிறது என்று கணக்கிட்டார். மழையில் கண்ணாடி வழியே படம் தெரியுமா என்றறிய, புல்வெளிக்கு நீர் தெளிக்கும் குழாயைக் காரின் மீதே திருப்பிவிட்டாராம். அந்தச் சாய்தள அமைப்புக்குக் காப்புரிமை பெற்று, 1933 ஜூன் 6 அன்று கேம்டன் நகருக்கு அருகே முதல் அரங்கைத் திறந்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட் கட்டணம்.

ஒலிதான் அவரைச் சோதித்தது. திரையருகே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தால் அக்கம்பக்கத்தாருக்கு இரைச்சல். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், 170 மீட்டர் தள்ளி நிற்கும் காருக்கு வசனம் அரை நொடி பிந்தி வரும், நடிகரின் உதடு அசைந்து முடிந்த பிறகே சொல் கேட்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், கம்பத்திலிருந்து எடுத்துக் கார்க் கதவின் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் சிறு ஸ்பீக்கர் பரவலானதும் இந்தக் குறை நீங்கியது. இப்போது காரின் எஃப்.எம். ரேடியோவிலேயே கேட்கலாம்.

கேள்வி: காருக்கே உணவு கொண்டுவரும் உணவகங்கள் இதைப் பார்த்து வந்தவையா?

பதில்: இல்லை, அவை மூத்தவை. டல்லாஸ் நகரில் 1921-லேயே ‘பிக் ஸ்டாண்ட்’ என்ற உணவகம் இம்முறையைத் தொடங்கிவிட்டது. பணியாளர் கார் அருகே வந்து ஆர்டர் எடுப்பார். இப்படிப்பட்ட உணவகங்களில் பின்னாளில், பாதி இறக்கிய கண்ணாடியில் கொக்கியால் மாட்டும் தட்டு வழக்கமாயிற்று.

கேள்வி: இத்தகைய அரங்குகள் ஏன் அருகின?

பதில்: தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. பல ஏக்கர் நிலம் இரவில் சில மணி நேரமே சம்பாதித்துக் கொடுத்தது. நகரம் விரிந்து நிலத்தின் விலை ஏறியதும், உரிமையாளர்களுக்கு விற்பதே லாபமாயிற்று. 1967 முதல் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் முறை சீராக்கப்பட்டதால், இருட்டுவதற்காகக் காத்திருந்து படம் தொடங்கும் நேரமும் தள்ளிப்போனது. மறுநாள் வேலைக்குச் செல்ல வேண்டிய பெற்றோர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் விழித்திருக்கத் தயங்கியது இயல்புதானே?