டொரான்டோவில் வேலை தேடும் தம்பிக்கு

கோயம்புத்தூரிலிருந்து பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கிக்கொண்டு புதிதாக வந்திறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு கம்பெனியில் இரண்டாம் சுற்று முடிந்து, "நீங்கள்தான் எங்கள் முதல் சாய்ஸ்" என்று சொல்லிவிட்டார்களாம். அப்புறமும் மற்ற இன்டர்வியூக்களுக்குப் போவது நாணயக்குறைவா, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ஸிகளை என்ன செய்வது, வீடு பிராம்ப்டனிலா ஸ்கார்பரோவிலா, குளிர் கோட் எங்கே வாங்குவது? கோட்டை இங்கேயே வாங்குங்கள். வீடு எங்கே என்பதை வேலை முடிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டுக்கும் பதில் சொல்ல ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல ஆசை. நிறுத்தாதீர்கள் தம்பி.

நான் வந்தது 2008 இலையுதிர் காலத்தில், நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி திவாலான கையோடு. ஒரு கம்பெனி போனிலேயே "வேலை உங்களுக்குத்தான், திங்கட்கிழமை பேப்பர் அனுப்புகிறோம்" என்றது. திங்கட்கிழமை வந்தது பேப்பர் இல்லை, போன். ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்களாம். சொன்ன ஹெச்.ஆர். பெண்மணியின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருத்தத்தை வைத்து வாடகை கட்ட முடியாது. அந்த நேரத்தில் வேறு இரண்டு இடங்களில் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் மூன்று மாத நோட்டீஸ் பீரியடில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஆஃபரைக் காட்டி இன்னொன்றை ஏற்றி, நாலு லெட்டர் கையில் வைத்திருந்தவர்கள்தான், இங்கே வந்ததும் ஒரே கம்பெனிக்குப் பதிவிரதை ஆகிவிடுகிறார்கள். பயம், வேறென்ன. அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்ற வாட்ஸ்அப் பெரியவர்கள் வேறு. "வெள்ளைக்காரன் இதையெல்லாம் கவனிப்பான், பெயர் கெட்டுவிடும்" என்பார்கள். அதில் பாதிப் பேர் கம்பெனி டிரான்ஸ்ஃபரில் வந்தவர்கள், இந்த ஊரில் ஒரு நாள்கூட வேலை தேடியதில்லை.

கம்பெனிக்காரர்களும் உங்களோடு சேர்த்து நாலு பேரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. எழுத்தில் ஆஃபர் வந்தாலும் அவசரப்படாதீர்கள், "பின்னணிச் சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்" என்று அதில் ஒரு வரி இருக்கும். உங்கள் பழைய கம்பெனி இந்தியாவில் இருப்பதால் அது இழுக்கும். அது முடியும்வரை மற்ற இடங்களில் "வேண்டாம்" என்று சொல்லத் தேவையில்லை. சேர்ந்த பிறகும் முதல் மூன்று மாதத்துக்குள் அனுப்பிவிட்டால், இந்த ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி முன்னறிவிப்புகூடத் தர வேண்டியதில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு வசதி, எங்களுக்கு இல்லாதது. 2026 ஜனவரியிலிருந்து, 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனிகள், விளம்பரம் கொடுத்து இன்டர்வியூ செய்தவர்களுக்கு, கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் கனடா அனுபவம் கேட்கவும் கூடாது. எங்களை அந்த "கனேடிய அனுபவம்" படுத்திய பாடு! சரி, அந்தப் புலம்பல் வேண்டாம்.

ஏஜென்ஸி விஷயம்தான் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. ஐ.டி. கான்ட்ராக்ட் வேலைகளில், குறிப்பாக வங்கிகளில், ஒரே வேலைக்கு ஐந்தாறு ஏஜென்ஸிகள் ஆள் தேடும். உங்கள் ரெஸ்யூமே இரண்டு ஏஜென்ஸி வழியாக ஒரே இடத்துக்குப் போனால், யாருக்குக் கமிஷன் என்ற வம்பு வேண்டாம் என்று உங்களையே ஓரங்கட்டிவிடுவார்கள். என்னை ஒருமுறை அப்படித்தான் ஒதுக்கினார்கள். முன்பு எப்போதோ பேசிய ஏஜென்ஸி ஒன்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரெஸ்யூமேயை அங்கே தள்ளியிருந்தது. இன்றைக்கும் அந்த ஆள்மேல் கோபம் தீரவில்லை.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். எந்த ஏஜென்ஸி, எந்த கம்பெனி, வேலை எண் என்ன, எந்தத் தேதி. கம்பெனி பெயரைச் சொல்லாமல் "முதலில் ரெஸ்யூமே அனுப்புங்கள்" என்பவரிடம், பெயர் சொன்ன பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். "உங்கள் சார்பில் நாங்கள் அனுப்பலாமா" என்று மின்னஞ்சலில் கேட்பவர்தான் முறையான ஆள், அவருக்கு அந்த ஒரு வேலைக்கு மட்டும் சரி என்று எழுதுங்கள். சின் நம்பரை (அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண்) வேலைக்கு எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும், முன்னாலேயே கேட்பவனிடம் பேச்சை முடித்துவிடுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால், அவன் தமிழனாகவே இருந்தாலும், நடையைக் கட்டுங்கள். தமிழனாக இருந்தால் இன்னும் வேகமாக.

பல இடம் என்றால் ஒரே கம்பெனியில் டெஸ்டர், பிசினஸ் அனலிஸ்ட், புராஜெக்ட் மேனேஜர் என்று மூன்றுக்கும் போடுவதல்ல. அவர்கள் திரையில் எல்லாமே சேர்ந்து தெரியும், இவருக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை என்று நினைப்பார்கள்.

வேறிடத்தில் ஆஃபர் வந்தால் மற்றவர்களிடம் சொல்லலாம். "ஓர் ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும், உங்கள் முடிவு அதற்குள் தெரியுமா?" என்று கேட்டால் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. இல்லாத ஆஃபரை மட்டும் சொல்லாதீர்கள். ஐந்து பெரிய வங்கிகளும் பே தெருவிலும் கிங் தெருவிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, இன்று இங்கே இருக்கும் மேனேஜர் அடுத்த வருடம் எதிர்க் கட்டடத்தில் இருப்பார். அதே காரணத்துக்காக, ஒன்றில் சேர முடிவானதும் மற்றவர்களுக்கு நன்றி சொல்லி இரண்டு வரி எழுதிவிடுங்கள். நம் ஆட்கள் இதைச் செய்யாமல் சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறார்கள், அதுதான் பெயரைக் கெடுக்கிறது.

அந்தக் கட்டடங்களை எல்லாம் பாத் என்ற சுரங்க நடைபாதை இணைக்கிறது, மொத்தம் 30 கிலோமீட்டருக்குக் குறையாது. நான் வந்த அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஆபீஸே அதுதான். ராத்திரி ஸ்கார்பரோவில் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, காலையில் பனி பூட்ஸைப் பைக்குள் போட்டு ஷூ மாட்டிக்கொண்டு, ஒரு கோபுரத்தில் இன்டர்வியூ முடித்து, வெளியே தலை காட்டாமலே அடுத்த கோபுரத்துக்கு நடப்பேன். நடுவில் ஃபுட் கோர்ட்டில் டிபன் டப்பாவைத் திறந்தால் புளிசாத வாசனைக்குப் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். கிடங்கில் என்னோடு ஷிப்ட் பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணர்தான் இந்த வழியெல்லாம் காட்டிக் கொடுத்தவர். இன்டர்வியூ நாளில் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பார். எந்த கம்பெனி, என்ன வேலை என்று ஒரு நாளும் கேட்டதில்லை, "இண்டைக்கு எத்தனை இடம்?" என்பதுதான் அவர் கேட்பது. ஒன்று என்று சொன்னால் திட்டுவார்.