முதல் கிட்டார் வாங்கும்போது முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?

வேளச்சேரியில் இருக்கிறேன், வயது 27, கையில் 10,000 ரூபாய் இருக்கிறது, மரம், பிராண்ட், சத்தம் இந்த மூன்றில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதில் கொஞ்சம் பாட்டு கற்றுக்கொண்டதையும், கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்க வருமா என்ற ஆசையையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மரம், பிராண்ட், சத்தம் மூன்றையும் அப்புறம் பார்க்கலாம். கடையில் ஒரு கிட்டாரைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு, அதாவது ஃப்ரெட்டுகளுக்கு, மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான். கடைக்காரர்கள் இதை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். கம்பி உயரமாக நின்றால் அதை அழுத்திக் கீழே கொண்டுவர விரல் அதிகம் மெனக்கெட வேண்டும். தாழ்வாக நின்றால் தொட்டாலே பேசும். கிட்டாரை ஆசையாக வாங்கி, இரண்டு மாதத்தில் பரணில் போட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப்பேராவது இந்த ஒரு விஷயத்தால்தான் விட்டார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி விட்டவன்.

2009-ல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். முதல் வேலை, மூன்றாவது மாதச் சம்பளம். 3,200 ரூபாய்க்குக் கறுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு கிட்டார் வாங்கினேன். தினமும் இரவு சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருவேன். கார்டு என்றால் சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒன்றாக மீட்டுவது. அதில் சி, ஏ மைனர் இரண்டும் எப்படியோ வந்தன. எஃப் வரவே இல்லை. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் ஒன்றாக அழுத்தினால் மணிக்கட்டு வலிக்கும், இரண்டு கம்பியாவது ஊமையாக நிற்கும். விரல் சரியாக விழுந்த நாளிலும் கார்டு காதுக்கு இனிக்கவில்லை. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது, கையும் சின்னது என்று முடிவு செய்து கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது.

பிறகு அடையாறுக்கு வீடு மாறினேன். உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பெரம்பூரில் கிட்டார் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை 29சி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெரியவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்கேலை எடுத்து 12-ஆம் ஃப்ரெட்டில் நிறுத்தினார். தடித்த கம்பிக்குக் கீழே 4.5 மில்லிமீட்டர். “தம்பி, இதுல நான் வாசிச்சாலே கை கடுக்கும். நீங்க எப்படி இதுல கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிட்டாரின் கழுத்து முன்னால் வளைந்திருந்தது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை, டிரஸ் ராட் என்பார்கள், ஆலன் சாவி போட்டுக் கால் சுற்று, மறுபடி கால் சுற்று என்று பொறுமையாக முறுக்கினார். அதிலேயே 3.5-க்கு இறங்கியது. அப்புறம் உடல் பக்கம் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில், கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டை, அதுதான் சேடில், உருவி எடுத்து அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டார். கண்ணாடிப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் வைத்து நேராகத் தேய்த்தார். 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. அதனால் அங்கே 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டான நட்டின் காடிகளையும் சின்ன அரத்தால் கொஞ்சம் ஆழப்படுத்தினார். 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரி எஃப் கார்டில் ஆறு கம்பியும் பேசின. அதே கை, அதே கிட்டார்.

இதில் விரல்வலி பாதிக் கதைதான். மீதி சுருதி. கம்பி உயரத்தில் இருந்தால் அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடும். இழுபட்டால் சுருதி ஏறும். விரல் வைக்காத திறந்த கம்பிகளை, சுருதி காட்டும் ட்யூனர் வைத்து எவ்வளவு சுத்தமாகச் சேர்த்தாலும், அழுத்தி வாசிக்கும் சுரங்கள் கொஞ்சம் கூடியே ஒலிக்கும். நட் உயரமாக இருந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டில் இது இன்னும் மோசம். புதிதாகக் கற்பவர் புழங்குவது முழுக்க அந்த மூன்று ஃப்ரெட்டில்தான். வீணையில் ஃப்ரெட் மாதிரி இருக்கும் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிப்பார்கள். சுருதி விலகினால் மேளம் கட்டுபவர், அதாவது மெட்டு பதிப்பவர், மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திவிடலாம். கிட்டாரில் ஃப்ரெட்டைக் கட்டையில் அடித்து இறக்கியிருப்பார்கள், நகராது. கம்பியின் உயரத்தைத்தான் சரிசெய்ய முடியும். நீங்கள் பாட்டு கற்றவர் என்பதால் இந்த அபசுரம் உங்களை மற்றவர்களைவிட அதிகமாக உறுத்தும்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? ஒரு 15 செ.மீ. எவர்சில்வர் ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், அதில் பூஜ்யம் விளிம்பிலிருந்து தொடங்காது. முதலில் கிட்டாரை ட்யூன் செய்யச் சொல்லுங்கள். தளர்ந்த கம்பியில் எடுக்கும் அளவுக்கு அர்த்தமில்லை. 12-ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை அளந்தால், இரும்புக் கம்பி கிட்டாரில் தடித்த கம்பிக்கு 2.5, மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். 3 என்றால் சரிசெய்துகொள்ளலாம். 4 என்றால் வேறு கிட்டாரைக் கேளுங்கள். அடுத்து, கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் அதற்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். நிறையத் தெரிந்தால் நட் உயரம். பிறகு 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டி, மணி போல வரும் ஒலியையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஒலியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் காதே போதும்.

போன வருடம் என் அக்கா மகளுக்கு கிட்டார் வாங்கப் போனோம். பன்னிரண்டு வயது. ஒரே மாடலில் ஒரே விலையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். “ரெண்டும் ஒண்ணுதான் சார், எதை வேணா எடுத்துக்கங்க” என்றார் கடைப் பையன். ஸ்கேலை வைத்தால் ஒன்றில் 2.5, மற்றதில் 3.5. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் ஏ மைனர் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவதைத் தொட்டதும், “மாமா, இது ஈசியா இருக்கு” என்றாள். அதுதான் 2.5. ஒரே மாடலிலேயே ஒன்றுக்கொன்று இவ்வளவு வித்தியாசம் இருக்கும். அதனால் மாடலைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. இணையத்தில் ஆர்டர் போட வேண்டாம் என்று உங்களிடம் நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் தொடங்கி, நேரில் வாசித்துப் பார்த்து வாங்க சென்னையில் கடைகள் இருக்கின்றன. கூட்டம் குறைவான வேலைநாளில், காலையில் போங்கள்.

கம்பி ரொம்பத் தாழ்ந்தாலும் தொல்லைதான், ஃப்ரெட்டில் உரசி ஜர்ரென்று இரையும். தம்புராவில் ஜீவா நூல் வைத்து அந்த ரீங்காரத்தைத் தேடி வரவழைக்கிறோம், கிட்டாரில் அது குறை. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 10,000 ரூபாய்க்குள் யமஹா எஃப் 280 மாதிரியானவற்றைப் பாருங்கள், ஏமாற மாட்டீர்கள். இந்த விலையில் மேல்பலகை பிளைவுட் போல அடுக்கி ஒட்டியதாகத்தான் இருக்கும், அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஒரே பலகையில் செய்த மேல்பலகை சத்தத்துக்கு நல்லது, ஆனால் ஈரக்காற்றுக்குச் சீக்கிரம் அசைந்துகொடுக்கும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு மென்மை. ஆனால் அதன் கழுத்து மேல்முனையில் 52 மில்லிமீட்டர் அகலம், இரும்புக் கம்பி கிட்டாரில் 43-ஐ ஒட்டி இருக்கும். இரண்டையும் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டுக்குக் கார்டு வாசிக்கத்தான் ஆசை என்றால் இரும்புக் கம்பி. எதை வாங்கினாலும், நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பியை மாட்டிவிடாதீர்கள். இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும், பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும்.

சென்னைக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் உகந்தது என்பார்கள். நம் ஊரில் அது சாதாரணமாகவே 70-ஐத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்பலகை லேசாக உப்பி, கம்பி தானாக உயரும். இன்று 2.5 அளந்து வாங்கிய கிட்டார் டிசம்பரில் 3 காட்டினால் பயப்பட வேண்டாம். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். வேளச்சேரியில் அவ்வளவு இருக்காது, ஆனாலும் வாசித்து முடித்ததும் பழைய காட்டன் துணியால் துடைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். பசை இளகிவிடும்.

இப்போது கர்நாடக சங்கீதம். வரும். ஆர். பிரசன்னா கிட்டாரில் முழுக் கச்சேரியே செய்கிறவர், தேடிக் கேட்டுப் பாருங்கள். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், விரலை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வழக்கமான 12 செட் கம்பி இதற்குக் கொஞ்சம் முரடு. 10 செட், அதாவது மெல்லிய கம்பி 0.010 அங்குலம் உள்ளதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். புது விரலுக்கும் அதுதான் இதம். முதல் ஆறு மாதம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையை, அதாவது பாட்டு வகுப்பின் முதல் பாடத்தை, ஒரே கம்பியில் மேலும் கீழும் வாசித்தாலே கழுத்து முழுக்கப் பழகிவிடும். கார்டு புத்தகம் பக்கத்திலேயே இருக்கட்டும், இரண்டும் சேர்ந்தே வரட்டும்.

பத்தாயிரத்தையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். 1,500 ரூபாயாவது எடுத்து வையுங்கள், செட்டப் (கம்பி உயரத்தைச் சரிசெய்யும் வேலை), ஒரு செட் கம்பி, கிளிப் ட்யூனர், உறை இவற்றுக்கு. ‘ஆக்‌ஷன் இறக்கிக் கொடுப்பீர்களா’ என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் கேளுங்கள். சில இடங்களில் இலவசமாகவே செய்து தருவார்கள். விரல்நுனி மூன்று வாரம் வலிக்கும், அப்புறம் காய்ப்பு ஏறி வலி அடங்கிவிடும். மாதம் ஒன்று தாண்டியும் அடங்கவில்லை என்றால் ஸ்கேலை மறுபடி எடுங்கள்.

வாங்கியதும் 12-ஆம் ஃப்ரெட்டில் இரண்டு ஓரக் கம்பிகளுக்கும் அளவெடுத்து இங்கே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.