ஒரு பக்க இயர்பட் மட்டும் சீக்கிரம் நின்றுபோகிறதா?

பருத்தித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்துபோகும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, நான் ஒரு வருசமாக இயர்பட்ஸ் பாவிக்கிறேன். இப்ப இடப்பக்கம் ஒரு மணித்தியாலத்திலேயே நின்றுவிடுகிறது. வலப்பக்கத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. இரவு முழுக்க சார்ஜில் விடுவதால்தான் பழுதானது என்று அம்மா ஏசுகிறா. உண்மையா? போனின் பாஸ்ட் சார்ஜரில் போடலாமா?"

இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்தது இரண்டு பக்கமும்தானே. அதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றாக இறங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்குகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. பெட்டியை முழுதாகச் சார்ஜ் பண்ணி, இரண்டையும் உள்ளே வைத்து இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பிறகு வெளியே எடுத்தவுடன் போனில் இரண்டு பக்கத்தின் சதவீதத்தையும் பாருங்கள். சில மொடல்களுக்கு இதைப் பார்க்க அந்தக் கம்பனியின் அப் வேண்டும். இடப்பக்கம் 60, 70 என்று காட்டினால் பற்றறியில் பிழையில்லை, அதற்குச் சார்ஜ் சரியாகப் போய்ச் சேரவில்லை. 100 காட்டிவிட்டு மளமளவென்று இறங்கினால் பற்றறி களைத்துவிட்டது.

எனக்குத் தெரிந்தவரை முதலாவதுதான் அதிகம் நடப்பது. இயர்பட்டின் அடியில் மினுங்கும் இரண்டு மூன்று சிறு உலோகப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் குழிக்குள் அவற்றுக்கு நேரே ஸ்பிரிங் வைத்த ஊசி முனைகள் இருக்கும். இந்த இரண்டும் முட்டினால்தான் கரண்ட் ஓடும். நம்முடைய ஊர் வெக்கையில், நெரிசல் பஸ்ஸில், வேர்வை காதோரம் வழிந்து அந்தப் புள்ளிகளில் காயும். அதோடு காதுக் குறும்பியும் புழுதியும் சேர்ந்தால் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். உப்பு இருந்தால் உலோகம் பச்சை, கறுப்பு என்று நிறம் மாறவும் தொடங்கும். காதிலிருந்து எடுத்த கையோடு ஈரமாகப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். சேலைத் தலைப்பாலோ கைலேஞ்சியாலோ ஒருமுறை துடைத்துவிட்டு வைத்தாலே போதும்.

சுத்தம் செய்ய உலர்ந்த கொட்டன் பட் எடுங்கள். புள்ளிகளையும் குழிக்குள் இருக்கும் ஊசி முனைகளையும் மெதுவாகத் தேயுங்கள். ஊசி முனையை விரலால் அமர்த்தினால் உள்ளே போய் மீண்டும் எழும்ப வேண்டும். எழும்பாமல் இறுகி நின்றால் அதுதான் கோளாறு. அழுக்குப் போகாவிட்டால் போன் திருத்தும் கடைகளில் சர்க்கிட் போர்ட் கழுவ வைத்திருக்கும் ஐசோபுரொப்பில் அல்கஹோலில் இரண்டு துளி கேட்டு வாங்கி, பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். ஊற்ற வேண்டாம், கத்தி முனையால் சுரண்டவும் வேண்டாம். மேலே பூசியிருக்கும் மெல்லிய முலாம் போய்விட்டால் துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

இரண்டாவது காரணம் பழக்கம். பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிடுவது கேட்க வேண்டுமென்று பலர் ஒரு காதில் மட்டும் போடுவார்கள், எப்போதும் அதே காதில். கோல் கதைக்கும்போது சில மொடல்களில் ஒரு பக்க மைக்தான் வேலை செய்யும், அதற்கும் சார்ஜ் கூடுதலாகப் போகும். ஆக, ஒரு பக்கப் பற்றறி மற்றதைவிடக் கூடுதலாக வேலை செய்து முதலில் தேய்கிறது. ஒரு காதில் போடுவது நல்ல பழக்கம்தான், ரெயில் பாதையைக் குறுக்கே கடக்கிறவர்கள் அந்த ஒன்றையும் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. காதை மட்டும் நாளுக்கு நாள் மாற்றிப் போடுங்கள்.

சரி, அம்மா சொன்னதற்கு வருவோம். லித்தியம் பற்றறி நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்கிட் சார்ஜை நிறுத்திவிடும். ஆகவே இரவு முழுக்க இருந்தாலும் அளவுக்கு மிஞ்சி ஏறாது. ஆனால் நிறைந்த பற்றறிக்கு வெப்பம் ஆகாது. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது, ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே பெட்டியை வைத்து நண்பகல் வெயிலில் நிறுத்துவது, இரண்டும்தான் ஆயுளைக் குறைக்கும். 45 பாகைக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது இந்த வகைப் பற்றறிகளுக்குப் பொதுவான எல்லை. அம்மாவை அந்த அளவுக்கு ஒத்துக்கொள்ளலாம். பின்னேரம் மேசையில் வைத்து ஒன்றிரண்டு மணித்தியாலம் போட்டாலே காரியம் முடிந்துவிடும்.

பாஸ்ட் சார்ஜர் தாராளமாகப் போடலாம். சார்ஜர் கரண்டைத் தள்ளுவதில்லை, பெட்டி தனக்குத் தேவையானதைத்தான் இழுக்கும். தரமில்லாத, பெயர் தெரியாத சார்ஜர் மட்டும் வேண்டாம். இன்னொன்று: புதுப் போனோடு வரும் இரண்டு முனையும் டைப் சி ஆன வயரில் சில மலிவு இயர்பட்ஸ் சார்ஜே ஆகாது. பெட்டி பழுது என்று பயந்துபோய்க் கடைக்கு ஓடுவார்கள். அந்தப் பெட்டிகளில் சார்ஜருக்குச் சைகை கொடுக்கும் சின்ன ரெசிஸ்டர் வைக்காமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி ஆன வயரில் போட்டால் உடனே ஏறும். கரண்ட் இல்லாத நேரம் பவர் பேங்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறதா? பெட்டி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, பவர் பேங்க் ஒன்றும் செருகவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். குறைந்த கரண்ட் மோட் இருந்தால் அதை இயக்குங்கள், இல்லாவிட்டால் போனையும் சேர்த்துச் செருகுங்கள்.

பெட்டியைச் சுத்தமாக இறங்க விடாதீர்கள். சார்ஜ் இல்லாத பெட்டிக்குள் வைத்தால், பல மொடல்களில் இயர்பட் தான் உள்ளே இருப்பதை அறியாமல் போனோடு இணைந்துகொண்டு பைக்குள்ளேயே இறங்கிப்போகும்.

சுத்தம் செய்தும் 100 காட்டிவிட்டு ஒரு மணித்தியாலத்தில் நின்றால் அந்தப் பற்றறியின் காலம் முடிந்தது. 300 முதல் 500 தடவை முழுதாக ஏறி இறங்கினாலே இவற்றின் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிடும். போன் பற்றறியின் கொள்ளளவு 5000 எம்ஏஎச் எங்கே, இதன் 40, 50 எங்கே! வாரண்டி அட்டை இருந்தால் முதலில் வாங்கின கடைக்குப் போங்கள். சில கம்பனிகள் ஒரு பக்கத்தை மட்டும் தனியாக விற்கின்றன, அதே மொடல்தானா என்று பார்த்து வாங்கி, ரீசெட் பண்ணி இரண்டையும் சேர்க்க வேண்டும். மலிவு வகை என்றால் பற்றறி மாற்றும் கூலிக்குப் புதுசே வாங்கிவிடலாம். மூடியிருக்கும் இடம் விரிந்து, வீங்கினமாதிரி இருந்தால் இனிச் சார்ஜ் போட வேண்டாம். வளவில் குப்பை கொளுத்தும்போது பழையதை அதற்குள் எறியாதீர்கள், நெருப்பில் வெடிக்கும். போன் திருத்தும் கடையில் பழைய பற்றறிகளைச் சேர்த்து அனுப்புகிறார்களா என்று கேட்டு அங்கே கொடுங்கள்.